வாய்க்கால் கரையும் மாத்திரை அட்டையும்

அக்காவின் மாத்திரைப் பெட்டியில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு செடியின் லத்தீன் பெயர் இருக்கிறது: டேஜிடிஸ் எரெக்டா. செண்டுமல்லிதான் அது. சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு பட்டத்தில் பயிர் வைக்கிற பூ. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விழித்திரையின் நடுப்புள்ளி இரண்டு கண்ணிலும் தேய ஆரம்பித்திருக்கிறது என்று கண் டாக்டர் சொன்னார். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, தினமும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொன்னார். கோடு வளைந்து தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வர வேண்டும். கூடவே இந்த மாத்திரை: லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செம்பு. லூட்டின் மட்டும் செண்டுமல்லியிலிருந்து எடுத்தது.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது இந்தப் பூவுக்கு ஆயுதபூஜையை விட்டால் மாட்டுப் பொங்கல்தான். பம்புசெட்டு மோட்டாருக்கும் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் மாலை. மாட்டின் கழுத்துக்கு ஒரு மாலை. அதன் நெடி பிடிக்காமல் பெண்கள் தலையில் வைக்கமாட்டார்கள். தக்காளிச் செடிகளுக்கு நடுவே நட்டால் வேரைத் தின்னும் நூற்புழு குறையும் என்று வரப்போரம் வைப்பவர்கள் உண்டு. வாயில் வைக்கிற பொருளாக யாரும் அதை நினைத்ததில்லை. மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அவ்வளவு நம்மூர்ப் பூவாக அது ஆகிவிட்டிருந்தது.

இன்று அதே பூ கோணிப்பையில் அடைபட்டு லாரி ஏறுகிறது. காம்பு இல்லாமல் பறித்து, பேசிய விலைக்குக் கம்பெனிக்குப் போடுகிறார்கள். அங்கே பூவைக் காற்றுப் புகாத தொட்டியில் அழுத்தி நொதிக்கவைத்து, பிழிந்து, உலர்த்தி, குருணையாக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு அதன் நிறத்தை இறக்குகிறார்கள். கடைசியில் கெட்டியான செம்மஞ்சள் பிசின் கிடைக்கிறது. உலகச் சந்தையில் அதில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போகிறது. கூண்டுக்கோழியின் மஞ்சள் கரு வெளுத்துப் போகாமல் இருக்க அதைக் கலக்கிறார்கள். இன்னும் சுத்தப்படுத்தி எடுக்கிற பங்குதான் அக்காவின் மாத்திரை அட்டைக்குள் வந்து உட்கார்கிறது.

அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) வீட்டுக் கோழி முட்டைகளை நினைத்துக்கொள்கிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால் பாயும் ஊர். கோழிகள் பகலெல்லாம் வரப்பில் புல்லையும் கீரையையும் கொத்தித் திரியும். உடைத்து ஊற்றினால் கரு ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். லூட்டின் என்கிற அதே சாயம்தான். கீரையிலிருந்து கோழிக்கும், கோழியிலிருந்து முட்டைக்கும் வந்தது. முட்டைக் கருவில் லூட்டினின் அளவு கீரையைவிடக் குறைவு. ஆனால் அதோடு கொழுப்பும் சேர்ந்து இருப்பதால் உடம்பு அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. அன்று அதை யாரும் சாயம் என்று சொல்லவில்லை. தீவனக் கணக்கில் எழுதவும் இல்லை.

அம்மிச்சியின் கீரைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வாய்க்கால் கரையின் ஈரத்தில் பொன்னாங்கண்ணி. காட்டில் களை எடுக்கும்போது பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை. வேலியோரம் சுக்குட்டிக்கீரை, மற்ற ஊர்களில் அதை மணத்தக்காளி என்பார்கள். கொல்லையில் முருங்கை. இவற்றில் எதையும் அவர் காசு கொடுத்து வாங்கியதில்லை, விற்றதும் இல்லை. மடியில் கட்டிக்கொண்டு வருவார். சட்டியில் வேகவைத்து, மத்தால் கடைந்து, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் கடலை எண்ணெயில் தாளித்துக் கொட்டுவார். ராகிக் களியின் நடுவில் குழி பறித்து அதில் கீரையை ஊற்றி, மேலே இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் விடுவார். "எண்ணெயில்லாமக் கீரை திங்கக் கூடாது கண்ணு, ஒடம்புல ஒட்டாது" என்பார்.

இந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் மதிக்கிறேன். லூட்டினும் பீட்டா கரோட்டினும் கொழுப்பில் கரைகிறவை, தண்ணீரில் கரையாது. எண்ணெய் இல்லாத பச்சைக் கீரையிலிருந்து குடல் மிகக் கொஞ்சமாகத்தான் அவற்றை எடுத்துக்கொள்ளும். வேகவைத்து மசித்தால் செல்சுவர் உடைந்து நிறம் வெளியே வரும், எண்ணெய் அதைத் தாங்கிக்கொண்டு உள்ளே போகும். கடைந்து தாளிக்கிற நம் சமையல் முறை இந்த இரண்டையும் செய்துவிடுகிறது. வேகும்போது வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும் என்பது அதன் குறை. அதற்கு நெல்லிக்காய், கொய்யா என்று வேறு வழிகள் இருந்தன.

அம்மிச்சி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. பொன்னாங்கண்ணி தொடர்ந்து தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்று அந்தக் காலத்தில் ஊரே நம்பியது. கண்புரை கீரையால் கரையும் என்று நம்பி, அறுவை சிகிச்சைக்குப் போகாமல் திண்ணையிலேயே குருடராக உட்கார்ந்திருந்த பெரியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். புரை கீரையாலும் கரையாது, மாத்திரையாலும் கரையாது. வெளுத்துப்போன லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். கண்ணழுத்த நோயோ வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். அதைக் கண் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும். இதையெல்லாம் சொல்லாமல் கீரையின் பெருமையை மட்டும் பேசுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

என் மாமன் மகளுக்கு நாலு வயதில் மாலைக்கண் வந்தது. வெளிச்சம் இருக்கும்வரை துறுதுறுவென்று ஓடுவாள். விளக்கு வைக்கிற நேரமானால் சுவரைத் தடவுவாள். வாசற்படியில் இடறி விழுந்த பிறகுதான் பெரியவர்களுக்குப் புரிந்தது. அம்மிச்சி அன்றைக்கே ஆள் அனுப்பி ஆட்டு ஈரல் வாங்கிவரச் சொன்னார். நல்லெண்ணெயில் வதக்கி, மிளகு போட்டு, சில நாள் விடாமல் கொடுத்தார். அதே வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து, மஞ்சளாக ஒரு சொட்டு மருந்தைக் கரண்டியில் ஊற்றி வாயில் விட்டுவிட்டுப் போனார். குழந்தை தெளிந்துவிட்டாள். ஈரலா மருந்தா என்று வீட்டில் வெகுகாலம் பேச்சு நடந்தது. இரண்டிலும் இருந்தது வைட்டமின் ஏ. நர்சம்மா கொண்டுவந்தது 1970இல் இந்திய அரசு தொடங்கிய திட்டத்தின் மருந்து: ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்.

இருட்டில் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒரு நிறமிப் பொருள் வேண்டும். அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். விழித்திரையில் அந்த வைட்டமின் இருப்பதை ஜார்ஜ் வால்ட் 1933இல் கண்டுபிடித்தார். இந்தத் துறையில் அவர் செய்த வேலைக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் அது நேரடியாக இருக்கிறது. ஆடு மேய்ந்த தழையின் பீட்டா கரோட்டினை ஆட்டின் உடம்பே மாற்றிச் சேர்த்துவைத்திருக்கும். கீரையில் அது மூலப்பொருளாகத்தான் இருக்கிறது. நம் உடம்பு மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பு 6 பங்கு பீட்டா கரோட்டினுக்கு ஒரு பங்கு வைட்டமின் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இப்போது 12 பங்குக்கு ஒன்று என்கிறார்கள். அதனால்தான் கண் மங்கிய பிறகு ஈரலோ மருந்தோ வேண்டியிருந்தது. மங்காமல் காக்கிற வேலையைக் கீரை செய்யும், அதுவும் மெதுவாக, நாள்தோறும் தட்டில் இருந்தால்.

எங்கள் காட்டு வேலைக்கு வந்துபோன குடும்பம் ஒன்றில் ஒரு பையன் இருந்தான். தட்டம்மை போட்டு, கழிச்சலும் சேர்ந்துகொண்டது. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது என்று வெறும் கஞ்சியில் வைத்திருந்தார்கள். அம்மை இறங்கியபோது அவன் கருவிழி இரண்டும் வெந்ததுபோல் வெளுத்து நைந்துவிட்டிருந்தன. அப்புறம் அவனுக்குப் பார்வை திரும்பவே இல்லை. அவன் குடிசைக்குப் பின்னால் முருங்கை மரம் இருந்தது. வாய்க்கால் கூப்பிடு தூரத்தில். சின்னப் பிள்ளைக்குக் கீரை கொடுத்தால் கழியும் என்று யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் ஒரு சொட்டு எண்ணெய்க்கு அந்த வீட்டில் வழி இல்லை. அந்தக் காலம் ஆரோக்கியமான காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் நான் விடுவதில்லை. எங்கள் தட்டில் இருந்த கீரையும் எண்ணெயும் ஊர் முழுவதற்கும் இருந்தவை இல்லை.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் நீலகிரி மலை தெரியும். அந்த மலைமேல் குன்னூரில்தான் இந்தியாவின் உணவு ஆராய்ச்சி தொடங்கியது என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிவைத்த ஆய்வுக்கூடத்துக்கு 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு தலைவராக வந்தார். 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். நம் கீரைகளின் சத்தைக் காகிதத்தில் எண்ணாக எழுதியவர்களில் முன்னோடிகள் அவர்கள். அந்தக் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அதே 1937இல் அய்க்ராய்டும், சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையின் ஆர். இ. ரைட்டும் சேர்ந்து ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எழும்பூர் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அந்தக் கட்டுரை, எங்கள் ஊர்ப் பையனுக்கு வந்த அதே கருவிழி நைகிற நோய்க்குச் சிவப்புப் பாமாயில் கொடுத்து வைத்தியம் செய்ததைப் பற்றியது. பிழிந்தெடுத்தபடியே இருக்கிற பாமாயில் நல்ல செக்கச்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு முழுக்கக் கரோட்டின். எண்ணெயும் கரோட்டினும் ஒரே கரண்டியில் கிடைக்கிறபோது ஏழைக் குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

இன்று தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பாமாயில் கிடைக்கிறது. 2007 முதல் கொடுக்கிறார்கள். ஆனால் அது வெளிர் மஞ்சள். நிறம் போக வெளுக்கும் மண்ணில் கலக்கி வடிகட்டி, வாசனை போக 200 டிகிரிக்கு மேல் காய்ச்சி எடுத்த எண்ணெய். அந்தச் சிவப்பு நிறம் சுத்திகரிப்பு ஆலையிலேயே அழிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு செறிவூட்டுகிறோம் என்று ஆலையில் செய்த வைட்டமின் ஏவைச் சேர்த்துப் பையில் அடைத்து, பையின்மேல் அதை அச்சடிக்கிறார்கள். சேர்ப்பது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஏழை வீட்டுத் தாளிப்புக்கு அதுதான் வருகிறது. ஆனால் 1937இல் நம் சென்னையில் மருந்தாகக் கொடுத்த ஒரு நிறத்தை, பார்க்க நன்றாக இல்லை என்ற காரணத்துக்காக அழித்துவிட்டு வேறொன்றைக் காசு கொடுத்துக் கலக்குகிறோம் என்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் இருந்த காலத்திலேயே, வைட்டமின் ஏ குறைந்து கண் போகிற நிலையில் வந்த குழந்தைகளுக்காக ஒரு ஊட்டச்சத்து மையத்தை நடத்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே குழந்தைக்குச் சிகிச்சையோடு தாய்க்குச் சமையலும் சொல்லிக்கொடுத்தார்கள். அரவிந்தைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 1990இல் வெளியிட்டார்கள். பெரிய டோஸ் இல்லை. சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய சிறிய அளவு வைட்டமின் ஏவை வாராவாரம் கொடுத்தார்கள். அதைப் பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்தது. கண்ணைக் காப்பாற்றப் போன மருந்து உயிரையே காப்பாற்றியது. அம்மை, கழிச்சல் இவற்றைத் தாங்கும் வலுவை அந்தச் சிறிய அளவு கொடுத்திருந்தது. கீரையும் எண்ணெயும் முட்டையும் கலந்த ஒரு வாரச் சாப்பாடு கொடுத்திருக்கக்கூடிய அளவுதான் அது.

குழந்தைகளின் கதை இப்படி. அக்காவின் கதை வேறு. அவருக்குக் குறைவது வைட்டமின் ஏ இல்லை.

கண் நாள் முழுவதும் வெளிச்சத்தையும் பிராணவாயுவையும் சேர்த்து வாங்குகிற உறுப்பு. விழித்திரை உடம்பிலேயே அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கிற திசுக்களில் ஒன்று. அதன் செல்களில் எளிதில் கெட்டுப்போகிற கொழுப்பு நிறைய. வெளிச்சமும் ஆக்சிஜனும் கொழுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் ஆக்சிஜனேற்றம் நடக்கும். எண்ணெய் காறிப்போவது இதே வேதியியல்தான். அதைத் தடுக்கிற பொருள்களைத்தான் ஆன்டி-ஆக்சிடன்ட் என்கிறோம். செடிகளுக்கும் இதே தொல்லை உண்டு. நாள் முழுவதும் வெயிலில் நிற்கிற இலை தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துவைத்திருக்கும் பொருள்களில் லூட்டினும் ஸியாஸாந்தினும் அடக்கம். நம் உடம்பால் அவற்றைச் செய்ய முடியாது. இலையைத் தின்றால், அங்கிருந்து ரத்தம் வழியாகப் போய் விழித்திரையின் நடுவில் அதிகமாகச் சேர்கின்றன. டாக்டர்கள் அந்த இடத்தை மஞ்சள் புள்ளி என்றே சொல்கிறார்கள். எழுத்துப் படிக்க, முகம் அறிய, ஊசியில் நூல் கோக்க நாம் பயன்படுத்துவது அந்தப் புள்ளியைத்தான். அதன் மஞ்சள் நிறம், உள்ளே வரும் நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. வெயிலிலிருந்து தன்னைக் காக்க ஓர் இலை செய்துகொண்ட பொருள் நம் கண்ணின் நடுவில் வந்து அதே வேலையைச் செய்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து கீரைக்கட்டைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது.

கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மையத் தேய்மானம் குறைவாக வருகிறது என்று அமெரிக்காவில் 1994இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே, கீரையில் இருப்பதைப் பிரித்து மாத்திரையாகக் கொடுக்கலாமே என்ற எண்ணம் வலுத்தது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே 1994இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. காரட்டிலும் கீரையிலும் நல்லது செய்கிற அதே பொருள்! 2001இல் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் பெரிய ஆய்வு வந்தது: இடைநிலைத் தேய்மானம் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் ஏற்கெனவே முற்றிவிட்டவர்களுக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட்களும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை, நோய் முற்றும் வாய்ப்பை ஏறக்குறைய 25 சதவீதம் குறைத்தது. அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013இல் வந்த இரண்டாவது ஆய்வு அதை எடுத்துவிட்டு லூட்டினையும் ஸியாஸாந்தினையும் வைக்கலாம் என்றது. அக்காவின் மாத்திரை இந்த 2013 சூத்திரத்தை ஒட்டியது. செண்டுமல்லி மருந்துக்கடைக்கு ஏறியது இப்படித்தான்.

அந்த ஆய்வுகளே சொல்கிற இன்னொரு பாதியை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. தேய்மானம் இல்லாதவர்களுக்கு அதை வராமல் தடுக்கும் என்று அவை காட்டவில்லை. கண்புரையை ஒன்றும் செய்யவில்லை. இதை அமெரிக்காக்காரர்களின் கண்ணுக்கு மட்டும் பொருந்தும் என்று ஒதுக்கவும் முடியாது. மதுரையில் அரவிந்தில் 35 முதல் 50 வயதுள்ள 798 பேருக்கு ஐந்து வருஷம், வாரம் மூன்று தடவை பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006இல் வந்தது: புரை வளர்வதில் எந்த வித்தியாசமும் இல்லை. நம் ஊர் மக்கள், நம் ஊர்ச் சாப்பாடு, நம் ஊர் வெயில்.

அதற்கு அடுத்தாற்போல் வந்த ஒரு செய்தி என் மனதில் தங்கிவிட்டது. ஹரியானாவிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் அறுபது வயது தாண்டியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தெற்கே ஏறக்குறைய 46 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி பற்றாக்குறை. வடக்கே 74 சதவீதம். வைட்டமின் சி நன்றாக உள்ளவர்களுக்குப் புரை குறைவாகக் காணப்பட்டது. விறகு, வறட்டி எரிகிற அடுப்புப் புகையும் புகையிலையும் பற்றாக்குறையோடு சேர்ந்தே இருந்தன. நடுவயதில் ஐந்து வருஷம் மாத்திரை கொடுத்துக் காட்ட முடியாத ஒன்று, ஆயுள் முழுக்கச் சாப்பிட்டதில் தெரிகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை நிரூபிக்காது என்பதும் தெரியும். ஆனால் நெல்லிக்காய் மரம் நிற்கிற நாட்டில் பாதிக் கிழவர் கிழவிகளுக்கு வைட்டமின் சி போதவில்லை என்பதற்கு நிரூபணம் தேவையில்லை, ரத்தத்தில் எழுதியிருக்கிறது.

அதனால் அக்கா மாத்திரை சாப்பிடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அவருக்கு வந்திருப்பது இடைநிலை. மாத்திரை பலன் தருவது அந்தக் கட்டத்தில்தான். ஒருநாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும் என்று நானே நினைவுபடுத்துகிறேன். கவலை அவர் மகனைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் முன்னால் வேலை, கண் உலர்கிறது, எரிகிறது என்று அம்மாவின் அட்டையிலிருந்து அவனும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்கிறான். அவனுடைய எரிச்சலுக்குக் காரணம் திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைவதும் ஏசிக் காற்றும். டாக்டர் அவனிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்: உனக்கு இது தேவையில்லை, சிகரெட்டை விடு. அக்காவுக்கு வந்த நோய்க்கு நம் கையில் இருக்கிற காரணங்களில் புகையை மிஞ்சியது இல்லை. ஒரு மாத்திரையின் விலைக்கு உழவர் சந்தையில் ஒரு கட்டுப் பாலக்கீரை வந்துவிடும். அதில் 100 கிராம் எடுத்தால் அந்த 10 மில்லிகிராம் லூட்டினும் இருக்கும். அவன் வீட்டில் கீரை ஆய யாருக்கும் நேரம் இல்லை.

முருங்கையின் கதையும் இப்படியே போகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் செடிமுருங்கையை வயலுக்குக் கொண்டுவந்தது. காய்க்காக வைத்தார்கள். இன்று இலைக்காகவும் வைக்கிறார்கள். நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, கப்பலேற்றுகிறார்கள். வெளிநாட்டுக் கடையில் அது அற்புத உணவு. விவசாயிக்கு நாலு காசு வருவதில் மகிழ்ச்சிதான். நம் அங்கன்வாடிப் பருப்புக் குழம்பிலும் அதில் ஒரு பிடி விழுந்தால் இன்னும் மகிழ்வேன். கீரை விலை போகாத பொருளாக இருந்தவரை ஏழைக்கு எட்டியது. விலை வந்ததும் முதலில் அவர்கள் தட்டிலிருந்துதான் எழுந்து போகிறது.

அம்மிச்சியின் வாய்க்கால் கரைக்குப் போன தை மாதம் போனேன். வரப்புகளில் களைக்கொல்லி அடித்துப் புல் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் களை என்றே அறியப்படுகிற தலைமுறை வந்துவிட்டது. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுவதில்லை. அடிப்பவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. பொன்னாங்கண்ணி நீரோரத்தில் இருந்தது. மேலேயிருந்து என்னென்ன கழிவு கலந்து வருகிறதோ என்ற பயத்தில் அதையும் யாரும் பறிப்பதில்லை. கடையில் கட்டாக வாங்குகிறார்கள், பெரும்பாலும் சிவப்பு ரகம்.

மாலைக்கண் வந்து தெளிந்த மாமன் மகள் இப்போது அங்கேதான் இரண்டு ஏக்கர் செண்டுமல்லி வைத்திருக்கிறாள். வரிசை வரிசையாக ஆரஞ்சு. பறிப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பூவை என்ன செய்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

"கோழிக்குப் போடறாங்கன்னு வண்டிக்காரர் சொன்னாரு. அப்புறம் என்னமோ சாயத்துக்குன்னாங்க."

கண்ணுக்கு மாத்திரை செய்கிறார்கள், அக்கா அதைத்தான் சாப்பிடுகிறாள் என்றேன். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பிய்த்துப் பார்த்தாள்.

"இதையா? அப்ப கிலோவுக்கு இன்னும் ரெண்டு ரூவா ஏத்திக் கேக்கலாமே மாமா. அக்காளுக்கு எவ்வளவு ஆகுதாம்?"

அட்டையின் விலையைச் சொன்னேன். பறிப்பாட்களும் கை நிறுத்திக் கேட்டார்கள். மூட்டை ஒன்றுக்கு எத்தனை மாத்திரை வரும் என்று ஒருவர் கணக்குக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டாள். கிணற்றடியில் மருந்து படாத ஒரு பாத்தியில் தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் போட்டிருக்கிறாளாம், போகும்போது அக்காவுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவளுக்கும் கிளம்ப வேண்டியிருந்தது. பேரனுக்கு மூன்று வயது. இந்தத் தடவை வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், அங்கன்வாடி டீச்சர் பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்.